தொண்ணூறு விநாடி நாற்காலி

"பேச்சு மூச்சு இல்லீங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது, பிள்ளை கண்ணத் தொறக்க மாட்டேங்குறான், வண்டி எங்க இருக்கு, சொல்லுங்க, வண்டி எங்க இருக்கு..."

காதுக்குள் அந்த ஆள் கதறிக்கொண்டிருந்தபோதே தங்கபுஷ்பத்தின் மேஜையில் இரண்டாவது விளக்கு எரிந்தது.

முதல் அழைப்பை அப்படியே பிடித்துவைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். எதிரே திரையில் ஒரு மலைப்பாதையின் வரைபடம். வடக்கே ஒரு சிவப்புப் புள்ளி, கதறுகிறவரின் வீடு. இப்போது தெற்கே இன்னொன்று முளைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் ஆம்புலன்ஸ். அடுத்த வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும் என்று திரையின் ஓரத்தில் இருந்தது. உச்சியில் தொண்ணூறிலிருந்து எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எழுபத்தொன்று. எழுபது.

"வணக்கம். ஒரு ஆம்புலன்ஸ் வேணும்" என்றது ஓர் ஆண் குரல். ரேஷன் கடையில் தன் முறை வந்ததும் கார்டை நீட்டுகிற நிதானம். "இவருக்கு வயசு அம்பத்திரண்டு. பத்து நிமிஷமா நெஞ்சு கனமா இருக்குங்குறார். இடது கை மரத்துப்போச்சு. வேர்த்து ஊத்துது. நினைவு இருக்கு. மூச்சு விடுறார்."

"அவசரமா?"

"ஆமா. அவசரந்தான்."

அதைச் சொன்ன விதத்தில் அவசரம் எதுவும் இல்லை. தங்கபுஷ்பம் அவரை இருக்கச் சொல்லிவிட்டு முதல் அழைப்புக்குத் திரும்பினாள். அந்த ஆள் இப்போது வார்த்தையே இல்லாமல் அலறிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண் பிள்ளையின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். மாடிப்படியிலிருந்து விழுந்தவன், ஆறு வயது, தலையில் அடி. முப்பது விநாடி இருந்தது. அவளுடைய விரல் வடக்குப் பொத்தானுக்கும் தெற்குப் பொத்தானுக்கும் நடுவில் நின்றது. இருபத்திரண்டு மிச்சமிருக்கும்போது வடக்கை அமுக்கினாள்.

பச்சைப் புள்ளி வடக்கே திரும்பி நகர்ந்தது. உடனே திரை அணைந்தது. அறையின் விளக்குகள் எரிந்தன.

ஆம்புலன்ஸும் இல்லை, அடிபட்ட பிள்ளையும் இல்லை. மதுரைக்கு வெளியே ஓர் அரசுக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. வெளியே காலை வெயில் காய்ந்தது. நாற்காலியின் கைப்பிடியில் அவளுடைய உள்ளங்கை ஈரம் இரண்டு தடமாகப் பதிந்திருந்தது.

டாக்டர் நஸ்ரின் கதவைத் திறந்துகொண்டு டீயுடன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நேற்றுக் காலை தங்கபுஷ்பம் இங்கே கண் விழித்தபோது முதலில் பார்த்த முகம் அதுதான். அப்போதே எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார். முடிவறியா விசாரணைச் சட்டம் வந்த பிறகு, அவசர வேலையில் ஒருவர் எடுத்த முடிவு தவறா இல்லையா என்று அந்த முடிவால் என்ன நடந்தது என்பது தெரிந்த எவரும் சொல்லக் கூடாது. சொல்லப்போகிறவர் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அதே அழைப்புகளை அதே வேகத்தில் கேட்க வேண்டும். குரல், பெயர், ஊர் மூன்றையும் மாற்றிவிடுவார்கள். பதற்றமும் வார்த்தையும் உள்ளபடியே இருக்கும். இந்த வழக்கைத் தமிழ்நாடே பேசித் தீர்த்துவிட்டதால், லாட்டரி முறையில் தேர்வான அவளுடைய தலையிலிருந்து கடைசி நாற்பத்தொரு நாளை ஊசி போட்டு எடுத்துவைத்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொன்ன மறுநாள் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

நாற்பத்தொரு நாள் என்பது சின்ன விஷயமா? அவளுக்கு நினைவிருந்த கடைசி நாளில் ஆலையில் தீபாவளி ஆர்டருக்கு மத்தாப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் அவள் போர்மேன். முப்பத்தாறு பெண்கள் அவள் பொறுப்பில். அதற்கப்புறம் நேற்றுக் காலைதான். கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. ஊசி போடும்போது உலோகம் ஆகாது என்று கழற்றி வாங்கிவைத்திருப்பதாகச் சொன்னார்கள். செல்போனும் அவர்களிடம்தான். வீட்டில் கணவர் பாலகுருசாமி மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தூங்கிவிடுவார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று நேற்று அவள் இரண்டு தரம் கேட்டாள். விதி இடம் கொடுக்காது என்று டாக்டர் இரண்டு தரமும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "நாப்பத்தொரு நாளை மறக்கடிக்கிறீங்க. இந்த டீயையும் சேத்து மறக்கடிச்சா புண்ணியமாப் போகும்."

டாக்டர் சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு நெசமாவே இந்த நாற்காலியில இருந்த தம்பி என்ன செஞ்சுச்சு?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"அதை இப்பச் சொல்லலாம். என்ன ஆச்சுங்கறதத்தான் சொல்லக் கூடாது. பேரு இன்பராஜ். வயசு இருபத்தேழு. அன்னைக்கு மத்தியானம் மூணு பத்துக்கு நீங்க அமுக்குன அதே பொத்தானைத்தான் அமுக்குனாரு. நீங்க இருபத்திரண்டுல அமுக்குனீங்க. அவரு பத்தொம்பதுல."

அப்படியானால் வேலை முடிந்தது, கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் கிளம்பவில்லை. கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் பையனும் ஒரே மாதிரி செய்தால் அது சரியென்று ஆகிவிடுமா? ஆலையில் ஒருத்தி செய்கிற தப்பைப் பத்துப் பேர் செய்தால் பத்துப் பேரையும் அல்லவா அவள் நிறுத்திக் கேட்பாள்? "தவறில்லை" என்று எழுதினால் வழக்கு அத்தோடு முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. "தவறு" என்று எழுதினால் அந்தப் பையனுக்கு ஐந்து வருடம் சிறை. அவள் எழுதுகிற ஒரு வார்த்தை.

"இந்த ரோதனைக்கு மெஷினையே வண்டி அனுப்ப விட்டிருக்கலாமே?"

"விட்டுப் பாத்தாங்க. நாலு வருஷம். தப்பு கம்மியாத்தான் ஆச்சு. ஆனா செத்த வீட்டுல போயி, கணக்குப்படி உங்காளு ரெண்டாவதுன்னு சொன்னா யாரு கேட்டுக்குவா? கோபப்படவாவது ஒரு முகம் வேணும்னு ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. அதான் திரும்ப மனுசனை உக்கார வச்சாங்க."

"கோபப்படுறதுக்கு ஒரு ஆளா?"

டாக்டர் பதிவை ஆரம்பத்துக்குத் திருப்பி வைத்தார்.

விதிப்படி அழைப்புகளை மறுபடி எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். தங்கபுஷ்பம் கேட்டாள். இந்தத் தடவை இறங்குகிற எண்கள் இல்லை, விளக்கு இல்லை, மேஜையில் ஆறிய டீ மட்டும். இரண்டாவது ஆள் பேச ஆரம்பித்ததுமே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு கனம். இடது கை. வேர்வை. ஆலையில் வருடா வருடம் முதலுதவி வகுப்பு எடுக்கிறார்களே, அதில் பலகையில் எழுதிப்போடுகிற அத்தனையும் வரிசையாக வந்தது. எதையும் அந்த ஆள் விடவில்லை. இவ்வளவு தெளிவாகச் சொன்னதை எப்படிக் கோட்டைவிட்டோம்?

"இது அப்பவே தெரிஞ்சிருக்கணும் டாக்டரம்மா."

"தெரிஞ்சிருக்கணும்னு இப்பத் தோணுதா, இல்ல அப்பவே தெரிஞ்சுதா?" டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு தெரிஞ்சதும் மூளை ஒரு வேலை பண்ணும். எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்னு சத்தியம் பண்ணும். பொய் சொல்றோம்னு அதுக்கே தெரியாது. அந்த மூளையை வச்சுக்கிட்டு அடுத்தவனுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னுதான் இவ்வளவு ஏற்பாடும்."

"அந்த ரெண்டாவது ஆளு செத்துட்டாரு. அதானே?"

"பாதி வழக்குல யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. வேணும்னே கலந்துதான் கொடுப்போம். இது எந்தப் பாதின்னு நான் சொல்லக் கூடாது."

தங்கபுஷ்பம் மூன்றாவது தடவையும் கேட்டாள். நான்காவது தடவை கேட்கும்போது அவளுக்குள் துக்கம் போய்க் கோபம் வந்தது. இன்பராஜ் மேல் இல்லை. தன் மேலும் இல்லை. போன் பேசிய அந்த மனுஷன் மேல்.

"இவரு ஏன் இப்படிப் பேசுறாரு?" என்றாள். குரல் உயரவில்லை, அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். "பக்கத்துல ஒரு உசுரு கெடந்து தவிக்குது. இவரு விலாசம் சொல்ற மாதிரி சொல்லிட்டு நிக்கிறாரு. எங்க ஆலையில நாங்களும் இப்படித்தான் பேசணும். சத்தம் போட்டா நாலு பிள்ளைக ஓடும், ஓடுனா தட்டி விழும், மருந்து சிந்தும். அதுனால கை பத்திக்கிட்டாக்கூட மெதுவாச் சொல்லுன்னு நான்தான் பழக்கியிருக்கேன். ஆனா அது ஆலைக்குள்ள. வீட்டுல நம்ம ஆளு விழுந்தா எவ அப்படி நிப்பா? நானா இருந்தா தெருவே திரும்புற மாதிரி கத்தியிருப்பேன்."

டாக்டரின் பேனா காகிதத்தில் ஓரிடத்திலேயே நின்று மை பரவிக்கொண்டிருந்தது.

"கத்தியிருப்பீங்களா?"

"பின்னே?"

டாக்டர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. இன்பராஜைப் பார்க்கிற நேரம் ஆகிவிட்டது என்று எழுந்தார்.

பத்து நிமிடம்தான் சந்திப்பு. நடுவில் கண்ணாடி, பக்கத்தில் டாக்டர், டாக்டரின் கையில் ஒரு மணி. என்ன நடந்தது என்பதை இன்பராஜ் கோடிகாட்டினாலும் மணி அடித்துவிடும், சந்திப்பு முடிந்துவிடும். ஆண்டிபட்டிக்காரன், ஒல்லியான ஆள், சட்டைக் காலர் கழுத்தைவிடப் பெரிதாக இருந்தது. தங்கபுஷ்பத்தைக் கண்டதும் எழுந்து நின்றான். உட்காரச் சொன்ன பிறகும் நின்றான்.

"சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டான்.

தன் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போகிறவளிடம் இவன் ஏன் இதைக் கேட்கிறான்? காக்கா பிடிக்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது. அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வெறும் கழுத்தைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான்.

அவள் கேட்டதற்கெல்லாம் தணிந்த குரலில் பதில் சொன்னான். அன்று காலையிலிருந்து நூற்றுப் பதினெட்டு அழைப்பு எடுத்திருந்தான். பிள்ளைக்கு அடிபட்டது என்றதும் வேறெதுவும் காதில் ஏறவில்லை. இரண்டாவது அழைப்பை அவன் மறுபடி எடுத்தது வண்டி வடக்கே திரும்பிய பிறகுதான். அடுத்த வண்டி அனுப்புகிறேன் என்று சொன்னான். அந்தப் பக்கம் "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த நன்றிதான் இப்போதும் அவனைத் தூங்கவிடுவதில்லை.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத தம்பி" என்றாள் தங்கபுஷ்பம். "உன் மேல தப்புன்னு எனக்குத் தோணல. தப்புன்னா அந்த ஆளு மேலதான். கொஞ்சம் பதறிப் பேசியிருந்தா நீயும் அனுப்பியிருப்ப, நானும் அனுப்பியிருப்பேன். நன்றியாம் நன்றி. அக்கறை இருக்கவன் பேசுற பேச்சா அது?"

இன்பராஜ் நிமிர்ந்தான். முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா." கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிவிட்டான். "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னென்ன சொல்லணுமோ அத்தனையும் சொன்னாங்க. ஒண்ணுகூட விடல. நான்தான் கேக்கல. என்னைய உள்ள போடணும்னா போடுங்க. அவங்களச் சொல்லாதீங்க, நீங்க மட்டும் சொல்லாதீ..."

மணி அடித்தது.

அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தனக்குச் சாதகமாக ஒருத்தி பேசுகிறாள், அதைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியவில்லையே இந்தப் பிள்ளைக்கு. பொய் சொல்லத் தெரியாதவன். இவனை ஐந்து வருடம் உள்ளே வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

பகல் பன்னிரண்டரைக்குப் படிவம் வந்தது. "அப்போது அவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், அவர் எடுத்த முடிவு தவறா?" என்று ஒரே கேள்வி. கீழே பதிலுக்கு ஒரு கட்டம். அதற்கும் கீழே, வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று நான்கு கோடு.

கட்டத்தில் "தவறில்லை" என்று எழுதினாள். எழுதிய பிறகும் பேனாவை மூடவில்லை. நான்கு கோட்டைப் பார்த்தாள். இன்பராஜ் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை; கேட்டது கேட்டதுதானே. எழுதினாள்: இரண்டாவதாக அழைத்தவர் ஒரு வார்த்தையாவது பதறிச் சொல்லியிருந்தால் வண்டி அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். முத்திரை குத்தினார். இனி அந்தத் தாளை யாராலும் மாற்ற முடியாது.

"இப்பச் சொல்லலாம்" என்றார். "அந்தப் பிள்ளைக்குப் புருவத்துல ரெண்டு தையல். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போயிட்டான். தெற்கு வீட்டுக்கு அடுத்த வண்டி நாப்பத்தேழு நிமிஷம் கழிச்சுப் போச்சு. அவரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

தங்கபுஷ்பம் கண்ணை மூடித் திறந்தாள். எதிர்பார்த்ததுதான்; எதிர்பார்த்ததால் வலி குறைந்துவிடவில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்காகக் கைகூப்பினாள். பிறகு, அப்படியிருந்தாலும் தான் எழுதினதை மாற்றச் சொல்லிக் கேட்கப்போவதில்லை என்றாள். அந்த வீட்டில் யார் போய் இதைச் சொல்வார்கள் என்று கேட்டாள். சொல்கிறவர்கள் கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டும், கீழே எழுதின அந்த வரியை அவர்களிடம் காட்டாமல் இருந்தால் நல்லது, கோபத்தில் எழுதிவிட்டேன் என்றாள்.

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அரக்கு வைத்த ஒரு உறையை எடுத்து வைத்தார்.

"உங்கள லாட்டரியில எடுத்தோம்னு சொன்னேன் இல்லையாம்மா. அது பொய். சட்டம் எனக்கு அனுமதிச்ச ஒரே பொய். சட்டத்துல இன்னொரு வழி இருக்கு. புகார் கொடுத்தவங்களே, அந்த நாற்காலியில நான் உக்காருறேன்னு எழுதிக் கேக்கலாம். இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. இந்த வழக்குல ஒருத்தங்க கேட்டாங்க. அவங்க எழுதுன காகிதம் இது. தீர்ப்புக்கு அப்புறம் படிக்கக் குடுக்கணும்னு விதி." உறையை அவள் பக்கம் நகர்த்தினார். "நாளைக்கு ஊசி போட்டப்புறம் படிக்கிறதுன்னாலும் படிக்கலாம்."

தங்கபுஷ்பம் உறையைக் கிழித்தாள். கோடு போட்ட தாள். நீல மை.

'விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

என் வீட்டுக்காரர் இறந்துபோனதற்கு, வண்டியைத் திருப்பி அனுப்பிய அந்த ஆள்தான் காரணம் என்று நான் கொடுத்த புகாரில் எந்த மாற்றமும் இல்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று அவருடைய வக்கீல் சொல்கிறார். நான் செய்திருக்க மாட்டேன். என் ஞாபகத்தை எடுத்துவிட்டு என்னை அங்கே உட்கார வையுங்கள். நான் வடக்குப் பொத்தானை அமுக்கினால் புகாரை விட்டுவிடுகிறேன்.

அன்று நான் கத்தவில்லை, அழவில்லை. கத்தினால் சொல்ல வேண்டியது விட்டுப்போகும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்தில் கிடந்த என் வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னேன். மனசு உள்ள யாருக்கும் அது புரிந்திருக்கும்.

இப்படிக்கு,
பா. தங்கபுஷ்பம்'